ஒரு டிகிரி வடக்கே

1

ஸ்டெல்லாவின் கல்யாணப் பத்திரிகை வாட்ஸப்பில் வந்திருந்தது. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்துச் சொல்லும்படி அண்ணி அனுப்பியிருந்தார். மணப்பெண்ணுக்கு நான் அத்தை. நார்வேயில் உட்கார்ந்துகொண்டு அத்தை முறைக்கு என்னால் செய்ய முடிந்தது பிழை பார்ப்பதுதான். ரோஜாப்பூ, மணி, புறா எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பெண்ணின் தகப்பன் பெயர் வரும் வரியில் மட்டும், 'திரு. சேவியர்' என்பதற்கு முன்னால், ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருந்தார் அச்சகத்துக்காரர்.

பின்னாலேயே அண்ணியின் குரல் வந்தது.

"ஜெசி, காலடிப்பேட்ட பிரெஸ்ஸுக்காரன் வெள்ளிக்கெயமக்குள்ள சொல்லுன்றான். பேருக்கு முன்னாடி லேட்டுன்னு போடறதா, சொம்மா உட்டுடறதா? மாப்ள வூட்டுல கேட்டுகினே கீறாங்க. ஸ்டெல்லாவக் கேட்டா மூஞ்சத் திருப்பிகினு போவுது. நீ படிச்சவ, நீ சொல்லு. உன் அண்ணந்தான?"

சேவியர் என் அண்ணன். காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குச் சூரை மீன் பிடிக்கப் போன விசைப்படகின் டிரைவர். கடலில் காணாமல் போய் இந்த மாதத்தோடு ஏழு வருடம். ஆளும் கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை. ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருப்பதாக வக்கீல் சொல்கிறார். அண்ணி பிலோமினா அதை ஒப்புக்கொள்வதாக இல்லை. ஏதோ ஒரு நாட்டு ஜெயிலில், பாஷை தெரியாமல் மாட்டிக்கொண்டு இருக்கிறார் என்பது அவர் நம்பிக்கை. கழுத்தில் தாலி அப்படியே இருக்கிறது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ராயபுரமே பூவும் மெழுகுவத்தியுமாகக் கிளம்பும்போது அண்ணி மட்டும் வீட்டில் உட்கார்ந்து துணி துவைப்பார். ஆளே இல்லாத குழிக்கு எதற்கு மெழுகுவத்தி என்பது அவர் கட்சி.

இப்போது முடிவை என் தலையில் கட்டிவிட்டார். சங்கடம் என்னவென்றால், அந்தக் குரல் வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பதில் என் மேஜையில் இருக்கிறது.

2

என் வேலையை ஊரில் யாருக்கும் விளங்க வைத்து ஜெயித்ததில்லை. லீவுக்கு வந்தால் தெருவில் கேட்பார்கள்.

"அங்க இன்னா வேலம்மா பாக்கற?"

"கடலுக்கு மேப் போடறேன்."

"கடலுக்கு இன்னாத்துக்கு மேப்பு? எங்க பாத்தாலும் தண்ணிதான கீது?"

இதற்கு மேல் பேச்சு வளராது. உங்களுக்காவது சொல்கிறேன். கரையிலிருந்து இருநூறு கடல் மைல் வரைக்கும் அந்தந்த நாட்டின் பாத்தியதை. அதற்கு அப்பால் இருப்பது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல். உலகத்தில் பெரும்பகுதிக் கடல் அப்படித்தான் கிடக்கிறது. அதன் அடியில் மலைகள் இருக்கின்றன. வெளிச்சமே எட்டாத அந்த மலைகளில் பவளம் வளர்கிறது. அது விரல்கடை அளவு வளர்வதற்குள் நாம் பேரன் பேத்தி எடுத்துவிடுவோம். அடிவலை ஒருமுறை இழுத்தால் அத்தனையும் போச்சு. போதாததற்கு மலையையே சுரண்டி உலோகம் எடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எந்தெந்த இடத்தைத் தொடாமல் விடுவது என்று எல்லா நாடுகளும் கூடி முடிவு செய்ய வேண்டும். அவர்கள் கூடுவதற்கு முன் யாராவது கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த யாராவதில் நானும் ஒருத்தி.

பெர்கன் என்ற இந்த ஊரில் மழை நின்றால்தான் செய்தி. காலையில் மகள் மரியாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மழைக்கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, இந்தியப் பெருங்கடலைத் திறந்துகொள்வேன். கடல் முழுக்கத் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்வி. இங்கே என்ன வாழ்கிறது? இங்கே யார் வந்து போகிறார்கள்? உயிர் அதிகமாகவும் ஆள் நடமாட்டம் குறைவாகவும் இருக்கிற கட்டங்களைச் சேர்த்து வளைத்தால் சண்டை குறையும் என்பது கணக்கு.

ஆள் நடமாட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? படகுகளில் இருக்கும் கருவி, நான் இங்கே இருக்கிறேன் என்று விண்ணுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சிக்னல்களை எண்ணுவோம். சிக்னலே இல்லாத கட்டம் 'பயன்பாடு இல்லை' என்று பட்டியலில் ஏறும்.

காசிமேட்டுக்காரியான எனக்கு அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். நம் ஆட்கள் நல்ல மீன் கிடைக்கும் இடத்தை நெருங்கியதும் முதலில் அணைப்பது அந்தக் கருவியைத்தான். இதை அலுவலகத்தில் சொல்லியும் இருக்கிறேன். "சுவாரசியமான விஷயம்" என்று குறித்துக்கொண்டார்கள். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

3

கடலில் இடத்தை உள்ளபடி சொல்கிறவனை எங்கள் பக்கம் யோக்கியன் என்று சொல்ல மாட்டார்கள், கேனை என்பார்கள். மீன் விழுந்துகொண்டிருக்கும்போது வயர்லெஸ்ஸில் யாராவது "எங்க கீற மாமு?" என்று கேட்பான். பதில் சொல்லாவிட்டால் மோப்பம் பிடித்து வந்துவிடுவான். உள்ளதைச் சொன்னால் விடிவதற்குள் முப்பது படகு நிற்கும். அதனால் எல்லாரும் பொய் சொல்வார்கள். ஒவ்வொரு படகுக்கும் பொய்க்கென்று ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டு வழக்கம், வடக்கே ஒரு டிகிரி கூட்டிச் சொல்வது. அட்சரேகை எட்டு என்றால் ஒன்பது. ஒரு டிகிரி என்பது அறுபது கடல் மைல்.

நைனா படகு ஓட்டிய காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. கரைக்கு வந்ததும் எண்களை ஒரு நீள நோட்டில் எழுதுவது என் வேலை. வீட்டிலேயே கொஞ்சம் கையெழுத்து நன்றாக இருந்தது எனக்குத்தான். இடது பக்கம் மெய்யான இடம், வலது பக்கம் வயர்லெஸ்ஸில் சொன்ன இடம். கழித்தல் கணக்கில் நான் வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு இதுவே காரணம் என்று அண்ணன் கிண்டல் பண்ணும்.

அண்ணனுக்கு அது வாயோடு ஒட்டிப்போன பழக்கம். பேசின் பிரிட்ஜில் தோஸ்துகளோடு சுற்றிக்கொண்டிருக்கும். அம்மா போன் பண்ணினால் "கோயிலாண்டதான்மா கீறேன், தோ வந்துகினே கீறேன்" என்று சொல்லும். பொய் சொல்லத் தேவையே இல்லாத நேரத்திலும் எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கு மெய் வராது. கல்யாணத்தன்றே பிலோமினா அண்ணியிடம் நான் எச்சரித்தேன். "எங்க போறன்னு கேக்காதீங்க அண்ணி, எப்ப வருவன்னு கேளுங்க" என்றேன். அண்ணி சிரித்தார். அந்த ஒரு டிகிரி விஷயம் மருமகளாக வந்த ஒரே மாதத்தில் அவருக்கும் தெரிந்துவிட்டது.

படகுக்கு அண்ணன் வைத்த பெயர் ஸ்டெல்லா, மகள் பெயர். சுக்கான் அறையின் இடது வெளிச்சுவரில் ஒரு டைல்ஸ் ஒட்டியிருந்தது. நம் ஊர்க் காம்பவுண்டுச் சுவர்களில் ஒட்டியிருப்பார்களே, பிள்ளையார், மாதா, மசூதி மூன்றும் ஒரே சதுரத்தில் இருக்குமே, அதே டைல்ஸ். கூட வருகிறவர்களில் மூன்று மதமும் உண்டு என்பதால் ஒட்டியதாக அண்ணன் ஃபாதரிடம் சொல்லி மந்திரிக்கவும் வைத்தது. உண்மையான காரணம், ராத்திரியில் பையன்கள் அந்த மூலையில் நின்று ஒன்றுக்கு அடித்து இடத்தைக் கலீஜாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒட்டிய நாளிலிருந்து நின்றுவிட்டது. அண்ணனுக்கு அதில் மகா பெருமை.

4

ஏழு வருடம் முன்பு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நீட்டிச் சொல்ல எனக்கு வருவதில்லை.

படகு தென்கிழக்கே பல நாள் ஓட்டத்தில், எந்த நாட்டுக்கும் சேராத கடலில் இருந்தது. திடீர்ப் புயல் இல்லை, பெரிய காற்று, அவ்வளவுதான். இயந்திர அறையில் தண்ணீர் ஏறியது. அண்ணன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு இடத்தைச் சொல்லியிருக்கிறது. காசிமேட்டுப் படகு ஒன்று அரைகுறையாகக் கேட்டு எண்ணை எழுதிக்கொண்டது. கூட இருந்த ஐந்து பேரும் ஐஸ் பெட்டி மூடிகளைப் பிடித்துக்கொண்டு மிதந்து, இரண்டாம் நாள் ஒரு சரக்குக் கப்பலில் ஏறி, பிறகு கரை சேர்ந்தார்கள். கடைசியாக அண்ணனைப் பார்த்தபோது அது சுக்கான் அறையில் இருந்ததாம், வயர்லெஸ்ஸைக் கையில் பிடித்தபடி. எந்த இடம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எண் பார்ப்பது டிரைவர் வேலை.

அந்த எண் முதல் நாள் மதியமே எனக்கு வந்தது. அண்ணிதான் அனுப்பினார். கடல் நீரோட்டக் கணக்கு என் தொழில். விழுந்த ஒருவர் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் இழுபட்டிருப்பார் என்று கணித்து, தேடுகிறவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு அந்த ஐந்து பேரைத் தூக்கிய இடம் தெரியவந்தது. என் கணக்கோடு அது ஒத்துப்போகவில்லை. சொன்ன இடத்திலிருந்து இரண்டு நாளில் அவ்வளவு தெற்கே அவர்கள் போயிருக்க முடியாது. ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. காற்றின் பங்கைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் கூட்டினேன், பொருந்திவிட்டது. பொருந்திய படத்தை மறுபடியும் அனுப்பினேன். அந்தப் படத்தை வைத்துப் பல நாள் தேடினார்கள். குறை சொல்ல முடியாத தேடல்.

கழித்தல் கணக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. சாகப் போகிற நேரத்தில் யாராவது இடத்தை மாற்றிச் சொல்வார்களா என்று நானே அதைத் தள்ளிவிட்டேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்த அலைச்சல்தான். ஒரு ஸ்டேஷனில் இது எங்கள் எல்லை இல்லை என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் இந்தியாவின் எல்லையே இல்லை என்றார்கள். அண்ணி ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி, ஏதோ ஒரு காகிதத்தில் அந்த எண்ணை 'சம்பவ இடம்' என்று எழுதி முத்திரை வாங்கினார். நான் லீவு போட்டு வந்து, இரண்டு வாரம் இருந்துவிட்டு, திரும்பிப் போனேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஏர்போர்ட் டாக்ஸி மூன்று மணி நேரம் நின்றது. விமானத்தைத் தவறவிடுவேனோ என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் ஞாபகம் இருக்கிறது.

5

போன வாரம் இங்கிரிட் என்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டாள். ஆய்வுக் கப்பல்கள் கேமராவைக் கயிற்றில் கட்டி அடியாழத்துக்கு இறக்கும். அந்தப் படங்களைப் பார்த்து, இது பவளம், இது கடற்பஞ்சு, இது மனிதர் போட்ட குப்பை என்று பெயர் எழுதுவது அவள் வேலை. அவள் எழுதுவதை நான் வரைபடத்தில் ஏற்றுவேன்.

"உன் ஊர்ப் பக்கத்துப் பொருள் மாதிரி இருக்கிறது. இது என்ன தெரியுமா?" என்றாள்.

ஒரு கடலடி மலையின் சரிவு. கேமராவின் விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுவர் தெரிந்தது, அதில் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் பவளம் முளைத்திருந்தது. சுவரின் நடுவில் ஒரு சதுரம். பிள்ளையாரின் தும்பிக்கை, மாதாவின் நீல முக்காடு, மசூதியின் பச்சைக் கோபுரம். கொஞ்சமும் நிறம் மாறவில்லை. இங்கிரிட் அதற்கு 'பீங்கான், மூலம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"சுவரில் ஒட்டுகிற டைல்ஸ்" என்றேன்.

"எதற்கு ஒட்டுவார்கள்?"

"சிறுநீர் கழிக்காமல் இருக்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் திரையின் ஓரத்தில் இருந்த எண்ணைப் படித்தேன். எட்டில் தொடங்கியது. அண்ணி வாங்கிய காகிதத்தில் ஒன்பது இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் இலக்கங்கள் கிட்டத்தட்ட அதே.

எனக்கு அழுகை வரவில்லை. சமையலறைக்குப் போய்க் காபி ஊற்றிக்கொண்டு வந்து மதியம் வரை வேறு கோப்பைச் சரிபார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மரியா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், அதனால் என் மகளின் தமிழ் ராயபுரத்தைத் தாண்டிக் கடல் கடந்துவிட்டது. நான் 'இன்னா' என்றால் திருத்துவாள்.

"இது என்ன அம்மா, பிள்ளையாரும் மாதாவும் ஒண்டா நிக்கினம்?"

"மாமாவோட போட்டுல ஒட்டியிருந்தது."

"எந்த மாமா?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அண்ணனை அவள் பார்த்தது இரண்டு முறை. அதிலும் ஒருமுறை கைக்குழந்தை. "சேவியர் மாமா" என்றேன். "ஓம், அந்தக் காணாமப் போன மாமா" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கத் தொடங்கினாள். எங்கள் வீட்டில் அதுதான் அண்ணனின் அடையாளம், மற்றவர்களுக்கு வக்கீல் மாமா, டாக்டர் மாமா இருப்பதைப் போல.

6

படகு கிடக்கும் அந்த மலை எங்கள் திட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. மூன்றாவது வரைவில் அது கோட்டுக்கு உள்ளே இருந்தது. உள்ளே என்றால் அடிவலை கிடையாது, தோண்டுவது கிடையாது. ஒரு சில நாடுகள் முகம் சுளித்தன. அந்த மலையில் உலோகம் இருக்கலாமாம், பின்னால் தேவைப்படலாமாம். நான்காவது வரைவில் வடக்குக் கோடு கீழே இறங்கியது. இப்போது மலை வெளியே நிற்கிறது. கோட்டை இறக்கி வரைந்தது நான்தான். சொன்னதைச் செய்வது என் வேலை. அப்போது அதன் மேல் அண்ணன் இருப்பது எனக்குத் தெரியாது.

தெரிந்த பிறகு என்ன செய்தேன்? ஒரு படிவம் இருக்கிறது. திட்டப் பரப்பில் உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ சொந்த நலன் ஏதும் உண்டா என்று வருடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். கப்பல் இருக்கிறதா, பங்கு இருக்கிறதா, நிறுவனம் இருக்கிறதா என்று கட்டங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறியிட்டேன். 'பிற' என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் கொஞ்ச நேரம் அம்பு நின்றது. அங்கே எதை எழுதுவது? அண்ணன் என்று எழுதினால் இந்தத் திட்டத்திலிருந்தே என்னை விலக்கிவிடுவார்கள், மலைக்காகப் பேச ஒரு வாய் குறையும். 'இல்லை' என்று போட்டேன்.

பிறகு தொழில் முறைப்படி ஒரு குறிப்பு எழுதினேன். மூழ்கிய படகின் மேல் பவளம் பிடித்திருக்கிறது, ஏழு வருடத்தில் இவ்வளவு பிடித்திருப்பதால் இந்தச் சரிவில் பவளக் குஞ்சுகள் வந்து சேர்கின்றன என்று தெரிகிறது, ஆகவே கோட்டை மறுபடி மேலே ஏற்றலாம். இங்கிரிட் படித்துவிட்டுக் கேட்டாள்.

"மூழ்கி ஏழு வருடம் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். இந்த ஊர்க்காரர்கள் தோண்டிக் கேட்க மாட்டார்கள். ஐந்தாவது வரைவுக்கு அந்தக் குறிப்பு போகும், நாடுகள் பேசும், ஏற்றினாலும் ஏற்றுவார்கள், விட்டாலும் விடுவார்கள். ஒரு வருடமாவது ஆகும்.

பத்திரிகைக்கு வெள்ளிக்கிழமை வரைதான் நேரம்.

7

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். ராயபுரத்தில் அப்போது மாலை. அண்ணி கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார், பின்னால் ஆட்டோச் சத்தம். வீட்டுக்குப் போய்க் கூப்பிடச் சொன்னேன். "இங்கியே சொல்லு, வூட்டுல ஸ்டெல்லா கீது" என்றார்.

டைல்ஸைப் பற்றிச் சொன்னேன். பிறகு எண்ணைச் சொன்னேன். அண்ணன் வடக்கே ஒரு டிகிரி கூட்டிச் சொல்லியிருக்கிறது என்றேன். எண் வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது, நான்தான் தள்ளிவிட்டேன், தப்பான இடத்தில் தேட வைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். ஏழு வருடமாகச் சொல்லாததை நாற்பது விநாடியில் சொல்லிவிட்டேன். குரல் உடையவில்லை. வானிலை அறிக்கை படிப்பதைப் போலத்தான் இருந்தது.

ஆட்டோக்காரர் ஒருவர் "வரியாம்மா?" என்று கேட்பது கேட்டது.

"எனக்கும் தெரியும்டி" என்றார் அண்ணி.

"என்ன தெரியும்?"

"நம்பரு கேட்டப்பவே தெரியும். கூட்டித்தான் சொல்லிகிறாருன்னு. அந்த மாசம் எட்டுலதான் மீனு வியுதுன்னு கெளம்பசொல்லோ என்னாண்ட சொன்னாரு."

"அப்புறம் ஏன் அண்ணி யாராண்டயும் சொல்லல?"

"சாவப் போறவன் பொய் சொல்லுவானா ஜெசி? நீயே சொல்லு. பொய் சொல்லிகிறாருன்னா உசுருக்கு ஒண்ணும் இல்ல, மீன உட மனசில்லாம பேசிகிறாருன்னு நெனச்சேன். எடத்தச் சொல்லிட்டா நாளைக்கு வந்து என்னிய திட்டுவாரேன்னு கம்முனு இருந்துட்டேன். அப்பால நாளு ஆவ ஆவ, பொய் சொல்லிகிறாரு, அப்டின்னா எங்கியோ தப்பிச்சிப் பூட்டாரு, எங்கியோ ஜெயில்ல கீறாருன்னு... அத்த வச்சிதான்டி இத்தினி வருசமும் ஓட்டிகினு வந்தேன்."

சாகப் போகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று நான் அந்த எண்ணை நம்பினேன். அதே காரணத்துக்காக அண்ணி அண்ணன் உயிரோடு இருப்பதாக நம்பினார். அண்ணனோ, பாவம், எதையும் நினைத்துப் பொய் சொல்லியிருக்காது. யாரோ எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். வாயில் எப்போதும் வருவது வந்தது.

"போட்டு எப்டி கீது? கவுந்து கீதா?" என்று அண்ணி கேட்டார்.

"இல்ல அண்ணி. நேராத்தான் உக்காந்துகினு கீது."

"உள்ள பாத்தாங்களா?"

"கேமரா உள்ள போவல."

"போவ வேணாம்" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "டைல்ஸு ஒடையலியா?"

"ஒடையல. கலரு கூடப் போவல."

"அதான பாத்தேன். அத்த ஒட்டறதுக்கு எவ்ளோ பேஜாரு பண்ணாரு, தெரியுமா? ஒரு நாள் பூரா கரெக்டா கீதா, கரெக்டா கீதான்னு என் உசுர வாங்கினாரு." அவர் சிரித்தாரா, அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இல்லாமல் கூட இருக்கலாம். "லேட்டுன்னு போட்டுறச் சொல்றேன். ஸ்டெல்லாவாண்ட நான் பேசிக்கிறேன். நவம்பர்ல குழிக்கு ஒரு மெழுகுத்தி வாங்கணும்."

சரி என்றேன். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஜெசி, நீ கடலுக்குக் கோடு போடற இல்ல? யாரும் தொடக் கூடாதுன்னு?"

"ஆமா."

"இன்னாத்தயோ தோண்டி எடுக்கறாங்கன்னு டிவில காட்டினானே. அவுரு கீற எடம் உன் கோட்டுக்கு உள்ள வருதா, வெளிய நிக்குதா?"

என் முன்னால் நான்காவது வரைவு திறந்திருந்தது. வடக்குக் கோடு. அதற்கு மேலே, தனியாக, அந்த மலை. ஜன்னலில் மழை.

"உள்ளதான் வருது அண்ணி" என்றேன்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

ஒரு டிகிரி கூட்டித்தான் சொன்னேன்.